கசாரும் கோத்தோரும்

என் பழைய கைப்பேசியில் 11 வினாடி ஓடக்கூடிய ஒரு காணொலி இருக்கிறது. திரை விரிசல் விட்டு, பேட்டரி உப்பி, இனி யாரும் பத்து ரிங்கிட்டுக்குக்கூட வாங்கமாட்டார்கள் என்கிற நிலையில் இருக்கும் அந்தக் கைப்பேசியை நான் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். புதியதற்கு அதை மாற்றவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

2019-ல் எங்கள் பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்துப் போட்டி. இரவு ஆட்டம். சிவப்பு ஜெர்சி போட்ட ஒரு பையன் இடப்பக்கத்திலிருந்து வளையத்தை நோக்கி ஓடி வருகிறான். இரண்டு எட்டு வைத்து எழும்புகிறான். கறுப்பு ஜெர்சியில் நான் அவனுக்குக் கீழே போகிறேன். அவன் இடுப்பு என் தோளில் மோதுகிறது. உடம்பு காற்றில் படுத்த மாதிரி திரும்பி, வலது கையை ஊன்றி விழுகிறான். விசில். படம் எடுத்தவன் ‘அலாமாக்’ என்கிறான். அவ்வளவுதான்.

சாதாரண வேகத்தில் பார்த்தால் அது விபத்து. தாமதமாக வந்த ஒருவன், நிறுத்த முடியாத ஓட்டம், மோதல். பாதி வேகத்தில் பார்த்தால் என் தலை ஒரு தடவைகூட பந்தின் பக்கம் திரும்பவில்லை என்பது தெரியும். கால்வாசி வேகத்தில் பார்த்தால் நான் ஒரு கொலைகாரனைப்போல இருப்பேன். நடுவர் சாதாரண ஃபவுல்தான் கொடுத்தார். இரண்டு ஃப்ரீ த்ரோ. விழுந்தவனால் போட முடியவில்லை என்பதால் அவனுக்குப் பதிலாக உள்ளே வந்தவன் போட்டான்.

மலேசியாவில் திடலில் வளர்ந்த யாருக்கும் இரண்டு மலாய்ச் சொற்கள் தெரிந்திருக்கும். மாயின் கசார். மாயின் கோத்தோர். கசார் என்றால் முரட்டு ஆட்டம், கோத்தோர் என்றால் அழுக்கு ஆட்டம். முதலாவதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் மரியாதைகூட கலந்திருக்கும். இரண்டாவதைச் சொன்னால் சண்டைதான். தமிழில் சின்ன வயதில் நாங்கள் ‘அழுகுணி ஆட்டம்’ என்போம். ஆனால் அது கோட்டைத் தாண்டிவிட்டுத் தாண்டவில்லை என்பவனுக்கான சொல். எலும்பு உடைகிற விஷயத்துக்கு அது பத்தாது.

நான் வளர்ந்தது ஈப்போவில் ஒரு தாமானில். எங்கள் தமிழ்ப்பள்ளியில் பந்து என்றாலே காற்பந்துதான். கூடைப்பந்து சீனர்கள் ஆட்டம் என்று அப்பாவே சொல்வார், ஏதோ அது அரசாங்கம் பிரித்துக் கொடுத்த கோட்டா மாதிரி. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு திறந்தவெளி கோர்ட் இருந்தது. வளையத்தில் வலை கிடையாது. மழை பெய்தால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு அங்கிள் உட்கார்ந்திருப்பார். மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர். இளவயதில் ஏதோ சங்கத்துக்கு ஆடினார் என்று சொல்வார்கள். அவர் அதைப்பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வேலிக்கு வெளியே சைக்கிளில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை உள்ளே வரச் சொன்னது அவர்தான். எனக்குப் பதினொரு வயது. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு கேண்டனீஸ் வராது. பாசார் மலாயில் எனக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தார்.

“கசார் தாக் அப்பா. கோத்தோர் ஜாங்கான்.” முரட்டுத்தனமா ஆடு, பரவாயில்ல. அழுக்கா ஆடாத. இதை அவர் வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்வார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து வந்து என் முன்னால் நின்று, பந்தை என் கையில் கொடுத்து, ஏறு என்றார். ஏறினேன். பந்தோடு சேர்த்து என் கையை ஓங்கி அறைந்தார். மணிக்கட்டு எரிந்தது. இது கசார் என்றார். மறுபடி ஏறச் சொன்னார். இந்தத் தடவை நான் இறங்கும் இடத்தில் தன் செருப்புக் காலை லேசாக நீட்டி வைத்தார். தொடவே இல்லை. நான் பயந்து பாதியிலேயே பந்தை விட்டுவிட்டேன். இது கோத்தோர் என்றார்.

பிறகு இரண்டு விஷயம் கவனிக்கச் சொன்னார். தடுப்பவன் கண் எங்கே இருக்கிறது, பந்திலா, ஆளிலா? விசில் அடித்த பிறகு அவன் கை எங்கே போகிறது? முதலாவதை ஏமாற்றிவிடலாம், இரண்டாவதை ஏமாற்றுவது கஷ்டம் என்றார்.

நான் பிறகு பொறியியல் படித்தபோதுதான் அவர் நீட்டிய செருப்புக்கு இருந்த கணக்கு புரிந்தது. எழும்பியவன் தரையை விட்ட கணத்திலேயே அவன் எடைமையம் எந்த வளைவில் போகும் என்பது முடிவாகிவிடுகிறது. அந்தரத்தில் அவன் கையை ஆட்டலாம், காலை மடக்கலாம், ஆனால் பாதையை மாற்ற முடியாது. மேலே, கையிலோ தோளிலோ அடித்தால் அவன் தடுமாறுவான், பெரும்பாலும் காலில் இறங்கிவிடுவான். எடைமையத்துக்குக் கீழே, இடுப்பிலோ தொடையிலோ இடித்தால் உடம்பு சுழலும். சுழன்றவன் எதை ஊன்றி விழுவான் என்பது அவன் கையில் இல்லை. அதனால்தான் எழும்பியவனுக்கு இறங்கும் இடம் சொந்தம் என்று விதி சொல்கிறது. அவன் தரையை விட்ட பிறகு அந்த இடத்துக்குள் நீங்கள் போகக்கூடாது. இந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த விதி அது. நான் மீறியதும் அதைத்தான்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும்.

நான்காம் படிவத்தில் பள்ளிக் குழுவில் சேர்ந்தேன். குழுவில் நான் ஒருவன்தான் இந்தியன். மாவட்ட அளவிலான ஆட்டம் ஒன்றில் எதிரணிப் பையன் தனியாக ஓடிப்போய் லே அப் போட எழும்பினான். நான் பின்னால் துரத்திப்போய், அவனோடு சேர்ந்து எழும்பி, பந்தை அடித்தேன். பந்தும் பட்டது, கையும் பட்டது. அவன் சுவரோரப் பாயில் போய் மோதினான். நான் பந்தைத்தான் பார்த்தேன். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்தார். விளையாட்டு நேர்மையற்ற ஃபவுல் என்பதற்கு அதுதான் சைகை. இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே.

கூட்டத்திலிருந்து ‘கோத்தோர், கோத்தோர்’ என்று கத்தினார்கள். அது பரவாயில்லை. எதிரணிக்கு அதைக் கத்தத்தானே வந்திருக்கிறார்கள். எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார், அவர் எங்கள் பள்ளிப் பையனின் அப்பா, பக்கத்தில் இருந்தவரிடம் கேண்டனீஸில் ஏதோ சொன்னார். அதற்குள் எனக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். இந்தப் பசங்க இப்படித்தான், கை சும்மா இருக்காது என்கிற அர்த்தம். இதே ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் எங்கள் குழுவின் இன்னொரு பையன், பார்க்கப் பூனை மாதிரி இருப்பான், இதைவிட மோசமாக ஒருத்தனைக் கீழே தள்ளினான். சாதாரண ஃபவுல். அதே தகப்பனார் கைதட்டினார். செமாங்காட் என்றார். ஆட்ட வேகம், துடிப்பு.

அன்றைக்கு அங்கிள் வந்திருந்தார். ஆட்டம் முடிந்து வெளியே வந்து எனக்கு ஒரு ஆயர் மாத்தா கூச்சிங் வாங்கிக் கொடுத்தார். நான் “அங்கிள், அது கோத்தோரா?” என்று கேட்டேன். “தாக்” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாள் கோபம்.

பல்கலைக்கழகம் வந்த பிறகு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பைத்தியம் பிடித்தது. (நம் ஊரில் மாணவர் விடுதியையே ‘கோலேஜ்’ என்கிறார்கள். ஆக என்னைப் பொறுத்தவரை கல்லூரிக் கூடைப்பந்து இரண்டு. ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று எங்கள் விடுதியின் தகரக் கூரைக்குக் கீழே.) மார்ச் மாதத்தில் அங்கே இரவு நடக்கும் ஆட்டம் இங்கே காலை விரிவுரை நேரத்தில் வரும். வெப்ப இயக்கவியல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலிலும் அது தெரிந்தது.

நல்ல ஆட்டங்களைவிட நான் அதிகம் தேடிப் பார்த்தது மோசமான ஃபவுல்களை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

1992, மார்ச் 28. ஃபிலடெல்ஃபியாவில் டியூக்கும் கென்டக்கியும். கூடைப்பந்து தெரிந்தவர்கள் அந்த ஆட்டத்தின் கடைசி 2.1 வினாடியைச் சொல்வார்கள். கிராண்ட் ஹில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து பந்தை எறிகிறார், மறுமுனையில் கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, ஒரு தடவை தட்டி, திரும்பி, போடுகிறார். 104-103. அந்த ஆட்டத்தில் லேட்னர் களத்திலிருந்து எறிந்தது 10, விழுந்தது 10. ஃப்ரீ த்ரோவும் பத்துக்குப் பத்து. மனிதனால் முடிகிற காரியமா என்று தோன்றும். ஆனால் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், கீழே மல்லாந்து கிடந்த கென்டக்கியின் முதலாண்டு மாணவர் அமினு டிம்பர்லேக்கின் நெஞ்சில் லேட்னர் காலை வைத்தார். மிதித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. வைத்து எடுத்தார். டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள், வெளியேற்றவில்லை. வெளியேற்றியிருந்தால் அந்தக் கடைசி எறிதல் கிடையாது.

டிம்பர்லேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதட்டிக்கொண்டே எழுந்தார். ஆனாலும் 2015-ல் இஎஸ்பிஎன் லேட்னரைப்பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு ‘ஐ ஹேட் கிறிஸ்டியன் லேட்னர்’ என்று பெயர் வைத்தார்கள். இருபத்து மூன்று ஆண்டு கழித்தும் அந்தக் கால் இறங்கவில்லை.

இன்னொன்று, 2007, மார்ச் 4. வட கரோலினாவும் டியூக்கும். ஆட்டம் முடிய 14.5 வினாடிதான் பாக்கி. வட கரோலினா வெகுவாக முன்னால். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டம். வட கரோலினாவின் டைலர் ஹான்ஸ்ப்ரோ வளையத்துக்குக் கீழே எழும்ப, டியூக்கின் ஜெரால்ட் ஹெண்டர்சன் மேலிருந்து முன்கையை இறக்க, ஹான்ஸ்ப்ரோவின் மூக்கு உடைந்தது. முகமெல்லாம் ரத்தம். ஹெண்டர்சனை வெளியேற்றினார்கள், அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியவில்லை. நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர் பந்துக்குத்தான் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது. என் விடுதி அறைத்தோழன் ஒருத்தன், “மச்சி உனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா லா, தெரிஞ்சேதான் அடிக்கிறான்” என்பான்.

ரத்தம் வந்தது கசாராக இருக்கலாம், ஒரு கீறல்கூட விழாதது கோத்தோராக இருக்கலாம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அங்கிளின் செருப்பு எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. காயத்தை அளவுகோலாக வைத்தால் தப்பான ஆளைத்தான் பிடிப்போம்.

மூன்றாவதாக கிரேசன் ஆலன். இவரும் டியூக். 2016 பிப்ரவரியில் இரண்டு தடவை, டிசம்பரில் ஒரு தடவை எதிராளியின் காலைத் தட்டிவிட்டார். முதல் தடவை கால் வழுக்கியது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது தடவை எலான் பல்கலைக்கழகத்துக்கு எதிராகச் செய்தபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. காலவரையின்றி விலக்கிவைப்பதாக அறிவித்தார்கள், கேப்டன் பதவியையும் எடுத்தார்கள். காலவரையின்மை ஒரே ஆட்டத்தில் முடிந்தது என்பது வேறு கதை. ஒருத்தன் கோத்தோரா என்று ஒரு தடவையில் தெரியாவிட்டால் மூன்று தடவையில் தெரிந்துவிடும் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. நான் ஒரே ஒரு தடவைதானே?

என் மூன்று உதாரணமும் டியூக்காக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றுக்கும் பயிற்சியாளர் ஒருவர்தான், மைக் ஷஷெவ்ஸ்கி. டியூக்காரர்கள் அதிகம் அழுக்காக ஆடினார்களா, இல்லை டியூக்கை வெறுப்பவர்கள் அதிகம் என்பதால் அவர்கள் செய்வது மட்டும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு எனக்கு வந்து சேர்ந்ததா? ஈப்போவில் என் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பனாரைப்போலத்தான் நானும் டியூக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைப்பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1951 நவம்பரில் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத்காரர் ஒருவருக்குக் கால் உடைந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கேண்ட்ரில் என்று இரண்டு உளவியலாளர்கள் இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் அதே படச்சுருளைப் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவர்களுக்கு அவ்வளவு தெரிந்தது.

2016-ல் வந்த இன்னொரு ஆய்வு மெதுவாக ஓட்டப்படும் காணொலியைப்பற்றியது. ஒரே சம்பவத்தை மெதுவாகப் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிட, செய்தவன் வேண்டுமென்றே செய்தான் என்று அதிகம் நம்பினார்கள். யோசிக்க அவனுக்கு நேரம் இருந்ததுபோலத் தெரிவதுதான் காரணம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு நிம்மதி. என் 11 வினாடியை நான்தானே மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்? அறிவியலே சொல்லிவிட்டது, அது கண் செய்த கோளாறு. நான்கு நாள் அந்த நிம்மதியோடு இருந்தேன்.

ஆனால் எனக்குக் காணொலி தேவையில்லையே. நான் அங்கே இருந்தேன்.

மூன்றாவது கால்பகுதி. நாங்கள் 9 புள்ளி பின்னால். சிவப்பு ஜெர்சிக்காரன் அதே இடப்பக்க நகர்வில் என்மேல் மூன்று தடவை போட்டுவிட்டான். டைம் அவுட்டில் எங்கள் கேப்டன் என்னிடம், “ஜாங்கான் பாகி டியா நாயிக் லாகி” என்றார். இனி அவனை ஏற விடாதே. உலகத்தில் எல்லாக் கேப்டனும் சொல்வதுதான். இதை நான் பின்னால் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஜான் சேனி கதை தெரிந்தபோது இன்னும் இறுக்கமாகப் பிடித்தேன். 2005 பிப்ரவரியில் செயின்ட் ஜோசஃப் அணி சட்டவிரோதமாகத் திரை போடுகிறது, நடுவர்கள் பார்ப்பதில்லை என்ற கோபத்தில் சேனி தன் மாற்று ஆட்டக்காரர் நெஹமையா இங்கிரமை இடிக்கவென்றே உள்ளே அனுப்பினார். நான்கே நிமிடத்தில் ஐந்து ஃபவுல். ஜான் பிரையன்ட் என்கிற மாணவருக்குக் கை உடைந்தது. சேனி சாதாரண ஆளில்லை. ஏழைக் கறுப்பினப் பையன்களை எடுத்து ஆளாக்கியவர் என்று பெயர் பெற்றவர், புகழ்மண்டபத்தில் இடம் பெற்றவர். மன்னிப்புக் கேட்டு, அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் மிச்சமிருந்தவற்றுக்கு ஒதுங்க வேண்டி வந்தது. அங்கே அழுக்கு யார்? அனுப்பியவரா, போனவரா? போனவரை எனக்குத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் என் கேப்டன் சேனி இல்லை. அவர் ஏற விடாதே என்று மட்டும்தான் சொன்னார்.

அவன் நான்காவது தடவை வந்தான். முதல் எட்டு வைத்தபோதே பந்து எனக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது எட்டில் நான் நின்றிருக்கலாம். நின்று, கையைத் தொங்கவிட்டு, அவனை விட்டிருக்கலாம். இரண்டு புள்ளி. அந்த இரண்டு எட்டுக்கு நடுவே அரை வினாடிகூட இருக்காது. ஆனால் நான் முடிவெடுத்தேன். மெதுவாக ஓட்டாமலே எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. என் கண் அவன் இடுப்பில் இருந்தது. இரண்டு கையையும் நேராக மேலே தூக்கி வைத்திருந்தேன், சட்டப்படி தடுப்பவன் வைத்திருப்பதுபோல. காணொலியில் அது நன்றாகவே தெரியும். அதுதான் நடுவரைக் காப்பாற்றியது, என்னையும். விசில் அடித்ததும் நான் விழுந்தவனைப் பார்க்கவில்லை. நடுவரின் கையைப் பார்த்தேன். அது மணிக்கட்டைப் பிடிக்கப் போகிறதா என்று.

பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பி அவனைப் பார்த்தேன். உட்கார்ந்தபடி வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. அவன் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னான் என்று இரண்டு வருடம் மாமாக் கடையில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ‘க’வில் தொடங்கும் வார்த்தை. மலேசியத் தமிழருக்கு நான் முழுசாக எழுத வேண்டியதில்லை. சொன்னதும் மேசையில் எல்லோருக்கும் ரத்தம் சூடாகும். “சரியாத்தான்டா செஞ்ச” என்பார்கள். ஒருத்தன் என் தே தாரிக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். சொல்லச் சொல்ல எனக்கே அவன் உதடு அசைந்தது ஞாபகம் வர ஆரம்பித்தது.

அவன் சொல்லவில்லை. அவன் எதுவுமே சொல்லவில்லை. மூன்றாவது தடவை போட்டுவிட்டுத் தன் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தான். என்னைப் பார்த்துக்கூட இல்லை.

நான்காம் படிவத்தில் எனக்கு நடந்தது நிஜம். அந்தத் தகப்பனார் சொன்னது நிஜம். அந்த நிஜத்தை எடுத்துவந்து, சம்பந்தமே இல்லாத ஒருத்தன் வாயில் வைத்துவிட்டேன். ஃபவுலைவிட இது கோத்தோர் என்று சில நாள் தோன்றும்.

அவனுக்கு மணிக்கட்டில் சின்ன எலும்பு ஒன்று விரிசல். கணினித்துறை மாணவன். மாவுக்கட்டோடு செமஸ்டர் தேர்வுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். மூன்று வாரம் கழித்து விடுதி உணவகத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். தட்டை இடது கையில் பிடித்திருந்தான். நான் “சாரி லா ப்ரோ” என்றேன். அவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்து, “தாக் அப்பா ப்ரோ, கசார் சிகிட் பியாசா லா” என்றான். கொஞ்சம் முரட்டு ஆட்டம், சகஜம்தானே. நான் தலையாட்டினேன். அவனுடைய கோழித்துண்டை நான் எடுத்து அவன் தட்டில் வைத்தேன். அது கசார் இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். சொல்லவில்லை. அதற்குப் பிறகு கோவிட் வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை விபத்து அறிக்கையோ, மயிரிழையில் தப்பிய சம்பவ அறிக்கையோ எழுத வேண்டும். அந்தப் படிவத்தில் நேரம், இடம், இயந்திரம், பாதுகாப்புக் கவசம் போட்டிருந்தாரா, முறைப்படி செய்தாரா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மனதில் என்ன நினைத்தார் என்பதற்குக் கட்டம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டதற்கு, “அத எழுத ஆரம்பிச்சா எல்லாரும் நல்லவனாதான் இருப்பாங்க தம்பி” என்றார்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்குத்தான் வந்தது. முன்பெல்லாம் அவர்கள் விதியில் ‘இன்டென்ஷனல்’ ஃபவுல் என்று ஒன்று இருந்தது, வேண்டுமென்றே செய்தது. அந்தப் பெயரே குழப்பம். ஆட்ட முடிவில் கடிகாரத்தை நிறுத்த எல்லோரும் வேண்டுமென்றேதான் ஃபவுல் செய்கிறார்கள். அதை யாரும் அழுக்கு என்பதில்லை. 2011-12 பருவத்திலிருந்து ஆண்கள் ஆட்டத்தில் அதை ‘ஃப்ளேக்ரன்ட் 1’ என்றும், அதைவிடக் கடுமையானதை ‘ஃப்ளேக்ரன்ட் 2’ என்றும் மாற்றினார்கள். மோதல் தேவைக்கு மேற்பட்டதா என்பது ஒன்று, ஆளையே வெளியேற்றும் அளவுக்கு மிஞ்சியதா என்பது இரண்டு. நடுவர் திரைக்குப் போய் மறுபடி பார்க்கலாம். மனதைப் பார்க்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்பதில்லை.

நடுவருக்கு இது சரி. செய்தவனுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு பொதுக் கோர்ட்டில் சனிக்கிழமை காலையில் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. ஒரு வருடமாக அங்கே பயிற்சி ஆட்டங்களுக்கு நான் விசில் அடிக்கிறேன். சம்பளம் கிடையாது, ஒரு பாக்கெட் நாசி லெமாக் தருவார்கள். பத்துப் பதினைந்து பசங்களில் தமிழ்ப்பையன் ஒருத்தன். பதின்மூன்று வயது. அவன் அம்மா பக்கத்து நாற்காலியில் தண்ணீர்ப் புட்டியோடு உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் ஒரு வேகத் தாக்குதல். சீனப்பையன் ஒருத்தன் பந்தோடு தனியாக ஓடுகிறான், முன்னால் யாரும் இல்லை. நம்ம பையன் பின்னாலிருந்து துரத்திப்போய்க் கையை வீசினான். முன்கையில் பட்டு அவன் பக்கவாட்டில் சரிந்தான். நாங்கள் பின்பற்றும் ஃபிபா விதிப்படி இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்னால் ஆளில்லாமல் ஓடுபவனைப் பின்னாலிருந்து சட்டவிரோதமாகத் தொட்டால் நேர்மையற்ற ஃபவுல். ஆனால் அவன் எறிய ஆரம்பித்துவிட்டான் என்றால், பந்துக்குப் போன சாதாரண மோதல் சாதாரண ஃபவுல்தான். பந்தை இரண்டு கையிலும் எடுத்துவிட்டானா, இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தானா? அங்கே திரை கிடையாது. பெற்றோர் வரிசையிலிருந்து யாரோ ‘ஓய், கோத்தோர்’ என்று கத்தினார்கள்.

நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பிடித்த பிறகுதான் பார்த்தேன். நம்ம பையன் ஏற்கனவே குனிந்து, விழுந்தவனுக்குக் கையை நீட்டித் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அங்கிளின் கணக்குப்படி அது கசார்.

அறிவித்ததை மாற்றவில்லை. இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கு. இரண்டும் உள்ளே போகவில்லை. பந்து பறந்த நேரம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது, நான் பார்த்தது தட்டுகிற பந்தையா, அல்லது அந்தக் குரலைக் கேட்டுவிட்டா கையைத் தூக்கினேன், அல்லது தமிழனுக்குச் சலுகை கொடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றா என்பதைத்தான். மூன்றில் எது என்று இப்போதும் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பையன் வந்து, “அண்ணே, நான் பந்தத்தான் பாத்தேன்” என்றான். “தெரியும்டா” என்றேன். “அப்புறம் ஏன்?” என்று கேட்டான். அவன் அம்மா தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் எறிவதற்கான அசைவு எங்கே ஆரம்பிக்கிறது என்று விதியை விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவன் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மழை, பயிற்சி இல்லை. அதற்கடுத்த வாரம் அவன் வரவில்லை.